பதினொரு வினாடிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பெண்ணைக் கொடுத்தவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் சம்பந்தியம்மாளும் சுகம், என் வலது முழங்கையைத் தவிர. அங்கு தாங்களும் தங்கள் துணைவியாரும் மாப்பிள்ளையும் உங்கள் மருமகளான என் மகளும் பேரனும் தங்களுடைய மூன்று பர்கர் கடைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. அந்த மூன்றில் நடுக்கடையின் சுகத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபம் வந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளவும்.

முதலில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன், ஏனென்றால் தாங்கள் எந்தக் கடிதத்திலும் ஆரம்பத்தையும் கடைசி வரியையும் மட்டுமே படிப்பவர் என்று உங்கள் மருமகள் சொல்லியிருக்கிறாள். நாளை வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஊதியக் குழு கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறது அல்லவா, பர்கர் கடைத் தொழிலாளர்களின் கூலியை உயர்த்தலாமா வேண்டாமா என்று? அதற்காக, 'இந்த வேலைக்குத் திறமை எதுவும் தேவையில்லை, ஒரு பொட்டலம் ஃப்ரைஸ் போட ஓர் ஆளுக்குப் பதினொரு வினாடி போதும், நேரக் கணிப்பு நிபுணராகிய நான் நேரில் அளந்து பார்த்துவிட்டேன்' என்று தாங்கள் டைப் அடித்து அனுப்பிய காகிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதோடு விட மாட்டேன், அதே கூட்டத்தில் எழுந்து நின்று நேர்மாறாகப் பேசுவேன். உங்கள் கடையில் இனி என் காலடி படாது. இந்த மூன்றும் முடிந்த முடிவு.

உங்கள் சம்பந்தியம்மாள் பக்கத்தில் நின்று, "பொண்ணைக் கொடுத்த இடத்துல குரலை உசத்தலாமா?" என்கிறாள். நான் குரலை உயர்த்தவில்லை, எழுத்தைத்தான் கொஞ்சம் பெரிதாக எழுதுகிறேன். கண்ணாடி போடாமலே தங்களுக்குப் புரிய வேண்டும் அல்லவா.

எல்லாம் தாங்கள் ஒரு கூடைப் பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்த அன்று தொடங்கியது. கடை உரிமையாளர் சங்கத் தலைவர், சொந்தச் சம்பந்தி, சோபா நுனியில் உட்கார்ந்துகொண்டு "உங்கள மாதிரி நிபுணர் ஒருத்தர் சொன்னா அந்தக் குழு கேக்கும்" என்றீர்கள். ஓய்வு பெற்ற ஐந்து வருஷத்தில் என்னை யாரும் நிபுணர் என்று கூப்பிடவில்லை. வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு. காலணித் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் கையில் அட்டையும் ஸ்டாப்வாட்சும் வைத்துக்கொண்டு, தைப்பவர் முதுகுக்குப் பின்னால் நின்று, ஒரு தையலுக்கு எத்தனை வினாடி, நூல் கோக்க எத்தனை, தண்ணீர் குடிக்க எத்தனை என்று எழுதியவன் நான். 'டிக்டிக் சார்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள், என் காதுபடவே சொல்வார்கள். அப்படிப்பட்டவனை ஒரு ஆள் நிபுணர் என்று சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பழங்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு அலமாரியின் அடியிலிருந்து ஸ்டாப்வாட்சைத் தேடி எடுத்து, புது பேட்டரி போட்டு, அன்று ராத்திரியே உங்கள் சம்பந்தியம்மாள் பாத்திரம் தேய்ப்பதை அளந்து பார்த்தேன். அளந்ததற்கு என்ன கிடைத்தது என்பதைக் கடிதத்தில் எழுத முடியாது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நடுக்கடைக்குப் போனேன். தங்கள் மேனேஜர், அதான் காதுக்கு ஒன்றாக இரண்டு போன் வைத்திருப்பாரே அவர், எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு எண்ணெய்த் தொட்டி ஓரமாக உட்கார வைத்தார். அங்கே ஒன்பது வருஷமாக நிற்கிற அம்மாளை எல்லோரும் 'எண்ணெயக்கா' என்று கூப்பிடுகிறார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். முன்கை இரண்டிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஏணிப்படி மாதிரி தீக்காயத் தழும்பு. நான் மரியாதையாக, "நீங்க உங்க பாட்டுக்கு வேலை செய்யுங்கம்மா, நான் ஒரு வேலை ஆரம்பிக்கறப்ப பட்டனை அமுக்குவேன், முடியறப்ப மறுபடி அமுக்குவேன், அவ்வளவுதான்" என்றேன். "சரி சார்" என்றார். கூடையை எடுத்தார். நான் பட்டனை அமுக்கினேன்.

சம்பந்தி அவர்களே, இங்கேதான் என் முப்பத்து நான்கு வருஷத் தொழில் ஆட்டம் கண்டது. ஒரு கூடையை எண்ணெயில் இறக்கினார். அது மூன்று நிமிஷம் வேக வேண்டும், மூன்றாவது நிமிஷம் மெஷின் பீப் பீப் என்று கத்தும், அப்போது தூக்கினால் வேலை முடிந்தது என்று அர்த்தம், நான் பட்டனை அமுக்கலாம். ஆனால் அது வேகும்போதே இன்னொரு கூடையைத் தூக்கி உதறினார், அதைத் தட்டில் கொட்டி உப்புப் போட்டார், அள்ளி நாலு பொட்டலம் கட்டினார், ஐந்தாவது பாதியில் நிற்கும்போது கவுண்டரிலிருந்து "அக்கா, பெருசு ஆறு!" என்று குரல், ஆறைப் போடத் திரும்பினால் கிழங்கு தீர்ந்துவிட்டது, குளிர் அறைக்கு ஓடிப் பத்துக் கிலோ பையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார், வரும் வழியில் யாரோ ஜூஸைக் கொட்டிவிட்டார்கள், பையை இறக்காமலே காலால் துணியைத் தள்ளித் துடைக்கிறார், அதற்குள் முதல் கூடை வெந்துவிட்டது, பீப் அடிக்கும் முன்பே, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர் சட்டென்று திரும்பி அதைத் தூக்கிவிட்டார். அவர் தூக்கிய பிறகுதான் மெஷின் கத்தியது. "எப்படிம்மா தெரிஞ்சுது?" என்றேன். "சத்தம் மாறும் சார். முதல்ல சளசளன்னு பேசும், வெந்ததும் வாயை மூடிக்கும்" என்றார். சொல்லும்போதே அடுத்த கூடை உள்ளே போய்விட்டது. ஒரு வேலை முடியும் இடத்தில் இன்னொன்று எப்போதோ ஆரம்பித்திருக்கிறது. பட்டனை எங்கே அமுக்குவது? கட்டை விரலைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தேன். விரல் மரத்துப்போய்விட்டது. மத்தியானம் மேனேஜர் ஒரு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வந்து, "சார், ஐயா லைன்ல இருக்கார், எத்தனை செகண்டுன்னு கேக்கறார்" என்றார். வாட்சைப் பார்த்தேன். பட்டனை அமுக்கி நான்கு மணி நேரம் முப்பத்தெட்டு நிமிஷம் ஓடியிருந்தது. "இன்னும் முதல் வேலையே முடியலைன்னு சொல்லுங்க" என்றேன். தாங்கள் போனிலேயே சிரித்தீர்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் தாங்கள் வாசலில் நிறுத்தியிருக்கும் ஆர்டர் மெஷினையும் பார்த்தேன். கூலியைக் கூட்டினால் ஆளைக் குறைத்து இதையே எல்லா இடத்திலும் வைத்துவிடுவேன் என்று சங்கக் கூட்டத்தில் மிரட்டினீர்களாமே. வையுங்கள். ஒரு பெரியவர் அதன் முன்னால் நின்று ஒரே ஒரு காபி கேட்டார். விரலில் ஈரம் போலிருக்கிறது, மெஷின் பதினேழு காபி என்று எடுத்துக்கொண்டு 'அளவு? சிறியதா, நடுத்தரமா, பெரியதா?' என்று கேட்டது. அவர் பயந்துபோய் 'இல்லை' என்பதை அமுக்கினார், ஐஸ்கிரீமும் சேர்ந்துகொண்டது. கடைசியில் எண்ணெயக்காதான் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "தாத்தா, அதை விட்டுட்டு இப்படி வாங்க" என்று காப்பாற்றினார். "அந்த மெஷின் வந்தா உங்களுக்கு வேலை போயிடுமேம்மா, பயமில்லையா?" என்று கேட்டேன். "அதை தினம் காலைல துடைக்கிறது யாருன்னு நினைக்கிறீங்க சார்?" என்றார்.

செவ்வாய்க்கிழமைக் கதையைத்தான் தாங்கள் வேறு விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேனேஜர் சொன்னதை நம்ப வேண்டாம், நான் சொல்வதுதான் நடந்தது. அன்று பன் வைக்கும் இடத்தில் ஆள் வரவில்லை. எண்ணெயக்கா அங்கேயும் இங்கேயும் ஓடிக்கொண்டிருந்தார். மேனேஜர் என்னிடம் வந்து, "சார், சும்மாதானே உக்காந்திருக்கீங்க, ரெண்டு நிமிஷம் இந்தக் கூடையைப் பார்த்துக்க முடியுமா? கைக்குழந்தைகூடச் செய்யும்" என்றார். கைக்குழந்தை கூடச் செய்யும் என்பது தங்களுடைய வாசகம் என்பதும், சுவரில் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையில் அது இருப்பதும் எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன். தொப்பி போட்டார்கள், ஏப்ரன் கட்டினார்கள், கண்ணாடியில் பார்த்தேன், பரவாயில்லாமல்தான் இருந்தேன்.

ஐஸ் ஒட்டிய கிழங்கை அப்படியே எண்ணெயில் கவிழ்க்கக் கூடாது, முதலில் தொட்டிக்கு வெளியே வைத்து உதற வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னார்கள் என்கிறார் மேனேஜர். எண்ணெய் சீறி எழுந்து என் முழங்கையில் விழுந்தது. துள்ளியதில் அடுத்த கூடையைத் தட்டிவிட்டேன், அது தரையில் போனது. தரையில் கிடந்ததில் கால் வைத்து வழுக்கி உப்பு டப்பாவைப் பிடித்தேன், உப்பு டப்பா என்னைப் பிடிக்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நானும் அந்தக் கூடையின் கைப்பிடி வளைந்திருக்கிறது என்று மேனேஜரிடம் வாதாடினேன், வளைந்துதான் இருந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அன்று என் கையால் ஃப்ரைஸ் வாங்கிப் போன இருபது குடும்பங்கள் உயிர் உள்ளளவும் என்னை மறக்காது. ஐந்து குடும்பம் திரும்பி வந்து நினைத்துக்கொண்டது.

இத்தனைக்கும் நடுவில் தொழில் புத்தி போகவில்லை பாருங்கள், எண்ணெய்க் கையோடு ஸ்டாப்வாட்ச் பட்டனையும் அமுக்கிவிட்டேன், நம்மையே அளப்போமே என்று. ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து நேரம் பார்க்கலாம் என்று சட்டைப் பையைத் தொட்டால் வாட்சைக் காணோம். தொட்டியில் விழுந்திருந்தால் பொன்னிறமாக மிதந்திருக்கும், மிதக்கவில்லை. ஸ்டூலுக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருக்கும்போது ஓர் அம்மா ஆறேழு வயதுக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கவுண்டருக்கு வந்து, "உங்க கடையில இந்த தடவை பொட்டலத்துல போட்ட பரிசு ரொம்ப நல்லா இருக்கே, இன்னொண்ணு கிடைக்குமா? இவ தம்பிக்கும் வேணுமாம்" என்றார். குழந்தை கையில் என் ஸ்டாப்வாட்ச்! தட்டில் விழுந்திருக்கிறது, நான்தான் கிழங்கோடு சேர்த்து அள்ளிப் பெரிய பொட்டலத்தில் போட்டு உப்பும் தூவிக் கொடுத்திருக்கிறேன். குழந்தை தர மாட்டேன் என்று அழுதது, மேனேஜர் இரண்டு பிளாஸ்டிக் யானை கொடுத்து மீட்டார். வாங்கிப் பார்த்தேன். ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிஷத்தில் நின்றிருந்தது. மூன்று நாளில் அந்த பட்டனை எங்கே அமுக்குவது என்று தெரிந்த ஒரே ஆள் அந்தக் குழந்தைதான். அந்த ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிஷத்தில் நான் உருப்படியாகப் போட்ட பொட்டலம் எத்தனை என்று கேட்கிறீர்களா? திரும்பி வராதவை பதினைந்து. கணக்குத் தாங்களே போட்டுப் பாருங்கள், பதினொரு வினாடி வருகிறதா என்று. அவர்களும் வேறு அவசரத்தில் திரும்பி வராமல் இருந்திருக்கலாம்.

கடை கொஞ்சம் ஓய்ந்ததும் எண்ணெயக்கா என் முழங்கையில் மருந்து தடவிவிட்டார். அந்த மருந்து அவர் சொந்தக் காசில் வாங்கி ஏப்ரன் பையில் வைத்திருப்பது. "முதல் நாள் எல்லாருக்கும் ஆகும் அண்ணே" என்றார். காலையில் சார், இப்போது அண்ணே. சம்பந்தி, ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன், எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்து நான்கு வருஷம் அடுத்தவன் கையிலிருந்து வினாடி வினாடியாகப் பிடுங்கினேன், ஒரு நாள்கூட ஊசியைக் கையில் பிடித்ததில்லை. ஒரு தையலுக்குப் பதினான்கு என்று இருந்ததைப் பன்னிரண்டு ஆக்கியதற்காக எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்தார்கள், தாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று "நல்ல கடிகாரம்" என்று பாராட்டினீர்களே, அதுதான். அந்த இரண்டு வினாடி எந்த விரலிலிருந்து வந்தது என்று நான் கேட்டதே இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

இனி தங்களுடைய வாதங்களுக்கு வருகிறேன். இது சின்னப் பிள்ளைகள் கைச்செலவுக்குச் செய்கிற வேலை, குடும்பம் நடத்துகிறவர்களுக்கானது இல்லை என்கிறீர்கள். அந்த ஷிஃப்டில் ஒன்பது பேர், அதில் படிக்கிற பிள்ளை ஒன்றே ஒன்று. மற்றவர்களில் ஒருவருக்குப் பேரனே இருக்கிறான். எண்ணெயக்கா வீட்டில் இரண்டு பெண்கள் படிக்கிறார்கள், இவர் இங்கே எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வேறு ஒரு அலுவலகத்தில் தரை துடைக்கப் போகிறார். கைச்செலவுக்காகவா போகிறார்? கடை வாசலில் தாங்கள் 'ஆட்கள் தேவை, அனுபவம் தேவையில்லை, வயது தடையில்லை' என்று போர்டு வைத்திருக்கிறீர்கள், அதனால் இது திறமை வேண்டாத வேலை என்று அதையே சாட்சியாகக் காட்டுகிறீர்கள். அனுபவம் தேவையில்லை என்று எழுதியது தாங்கள், எண்ணெய்க்கு அது தெரியாது. சந்தேகம் இருந்தால் என் முழங்கையைப் பார்க்கவும், கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

கூலியைக் கூட்டினால் விலையைக் கூட்ட வேண்டும், விலையைக் கூட்டினால் ஜனங்கள் வர மாட்டார்கள், கடையை மூட வேண்டியதுதான் என்கிறீர்கள். அதையும் அளந்தேன். ஒரு சின்னப் பொட்டலத்தில் நாற்பது குச்சி ஃப்ரைஸ் இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். தொழிலாளிகள் கேட்கிற உயர்வு முழுவதையும் தாங்கள் ஜனங்கள் தலையிலேயே கட்டினாலும், ஒரு பொட்டலத்துக்கு மூன்று குச்சி விலைதான் ஏறும். செவ்வாய்க்கிழமை நான் பொட்டலத்துக்கு ஏழு குச்சி வீதம் தரையில் போட்டேன். உங்கள் கடை மூடிவிட்டதா? சாயங்காலமும் வரிசை வாசல்வரை நின்றது.

புதன்கிழமைதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊதியக் குழு யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பேசலாம் என்று அறிவித்திருக்கிறது, ஆளுக்கு மூன்று நிமிஷம். எண்ணெயக்கா ஒரு மாதத்துக்கு முன்பே பெயர் கொடுத்திருக்கிறார். என்ன பேசுவது என்று எண்ணெயைப் பார்த்துக்கொண்டே தனக்குத்தானே முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருந்ததை நான்தான் திங்கட்கிழமை பாட்டு என்று நினைத்துவிட்டேன். புதன் காலையில் புது ஷிஃப்ட் பட்டியல் சுவரில் ஏறியது. வெள்ளிக்கிழமை ஒன்பதிலிருந்து ஐந்துவரை எண்ணெய்த் தொட்டியில் எண்ணெயக்கா. வழக்கமாக வெள்ளி அவருக்கு விடுமுறை. அவர் மேனேஜரிடம் போனார்.

"உங்களைப் போகக் கூடாதுன்னா சொல்றேன் அக்கா?" என்றார் மேனேஜர், முகத்தைப் பார்க்காமல். "தாராளமாப் போங்க. ஆனா தொட்டியில ஆள் இருக்கணும். பட்டியல்ல பேர் இருக்கற, டெஸ்ட் பாஸ் பண்ணின ஆள். அது ரூல்."

"இன்னொரு ஆளுக்கு லீவு கொடுத்துட்டீங்களே."

"அவர் முதல்லயே கேட்டார் அக்கா."

அந்த இன்னொரு ஆள் லீவு கேட்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது. கொடுத்த லீவைப் பார்த்து அவரே திகைத்துப்போயிருக்கிறார். மேனேஜரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். இரண்டு போனில் ஒன்று தங்களுடையது, அது அடிக்கும்போது அவர் எழுந்து நிற்கிறார். எண்ணெயக்கா திரும்பி வந்து கூடையை இறக்கினார். இரண்டு மடங்கு வேகமாக உதறினார், அவ்வளவுதான்.

அப்போதுதான் நான் எழுந்து, "கவலைப்படாதேம்மா, உனக்குப் பதிலா நான் பேசறேன். நான் நிபுணர், என் பேச்சு எடுபடும்" என்றேன். அந்த அம்மாள் நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "நீங்க நல்லாத்தான் பேசுவீங்க அண்ணே. ஆனா அது நீங்க பேசினதா இருக்கும். ஒன்பது வருஷமா என்னைப் பத்தி எல்லாரும் பேசிட்டாங்க. ஐயா பேசிட்டார், பேப்பர்ல எழுதிட்டாங்க, நீங்க அளந்தும் பார்த்துட்டீங்க. என்னைக் கேட்டவங்கதான் யாரும் இல்லை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கொஞ்சம் கோபம்கூட வந்தது. நான் உதவி செய்ய வந்தால் எனக்கே பாடமா என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் சம்பந்தியம்மாளிடம் சொன்னேன். அவள், "அந்தப் பொண்ணு சொன்னதுல என்ன தப்பு?" என்று கேட்டாள். இந்த வீட்டில் எனக்கு ஆதரவே கிடையாது.

எது எப்படியோ, நான் பேசத்தான் போகிறேன். குழு அலுவலகத்துக்கு நேற்றே போன் செய்து நாற்பது நிமிஷம் கேட்டேன், எல்லோருக்கும் போல மூன்றுதான் என்று பதில் வந்துவிட்டது. மூன்று நிமிஷத்தில் நான் வணக்கம் சொல்லவே முடியாது, இருந்தாலும் முயற்சி செய்வேன். நான் தொழிலாளி பக்கமும் இல்லை, முதலாளி பக்கமும் இல்லை. கையில் வாட்ச் வைத்திருப்பவன் எந்தப் பக்கமும் சாயக் கூடாது, நான் இன்றுவரை நடுநிலையாளன். நடுவில் நின்று சொல்கிறேன்: அந்தக் கூலி போதாது, நீங்கள் செய்தது அநியாயம். சம்பந்தி என்றாலும் அநியாயம்தான். என் மகளை நினைத்து நான் வாயை மூடிக்கொள்வேன் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். அவளுக்கு நேற்று போன் செய்து, "உன் மாமனாருக்கு ஒரு கடிதம் எழுதப் போறேன், உனக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடுவேன்பா" என்றாள். போனை வைக்கப் போகும்போது, "நல்லா எழுதுங்க" என்றாள். ஆகவே அந்தக் கணக்கும் தப்பு.

உள்ளதைச் சொன்னால் உடம்பெரிச்சல் என்பார்கள். தங்களுக்கு உடம்பு எரிந்தால் அதற்கும் எண்ணெயக்காவிடம் மருந்து இருக்கிறது.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லவும். பேரன் நன்றாகப் படித்து, நீண்ட ஆயுளோடு, யார் வேலையையும் வினாடியால் அளக்காமல் வாழ எங்கள் ஆசிகள். தாங்கள் கொண்டுவந்த பழங்கள் இனிப்பாகவே இருந்தன, அதில் குறை இல்லை.

இப்படிக்கு,
மாறாத அன்பும் மாறாத முடிவும் கொண்ட தங்கள் சம்பந்தி
(நேரக் கணிப்பாளர், ஓய்வு)

பி.கு.: இந்தக் கடிதத்தை வியாழக்கிழமை காலையில் எழுதி உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். இப்போது சாயங்காலம், உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன், ராத்திரிக்குள் தங்கள் கையில் சேரும்படி ஆள் மூலம் அனுப்புவேன். மேலே உள்ள முடிந்த முடிவுகள் மூன்றும் முடிந்துபோய்விட்டன. உங்கள் கடையில் காலடி படாது என்றேன், மத்தியானமே பட்டுவிட்டது. எண்ணெயக்கா சொன்னது ராத்திரி முழுக்கக் காதில் சளசளவென்று கேட்டுக்கொண்டே இருந்தது, என்ன செய்வது. கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன், போட்டுவிட்டேன், தங்கள் காகிதத்தில் அல்ல, வேலையில் சேரும் படிவத்தில். வாசலில் உள்ள போர்டைத்தான் மேனேஜரிடம் காட்டினேன், அனுபவம் தேவையில்லை, வயது தடையில்லை, தங்கள் கையெழுத்தோடு இருக்கிறது. டெஸ்ட் என்பது தொடர்ந்து ஆறு கூடை பிழையில்லாமல் எடுப்பது. இரண்டு முறை தோற்றேன். மூன்றாவது முறை எண்ணெயக்கா என் பின்னால் நின்று, "மெஷினைப் பார்க்காதீங்க அண்ணே, காதைக் கொடுங்க" என்றார். கொடுத்தேன். மூன்று நாற்பதுக்கு பாஸ். மேனேஜர் என் பெயரைப் பட்டியலில் எழுதும்போது தங்கள் போன் அடித்தது, அவர் எடுக்கவில்லை. முதல் முறையாக அவர் அப்படி உட்கார்ந்தே இருந்ததைப் பார்த்தேன்.

ஆகவே நான் இனி நடுநிலையாளன் இல்லை, தங்கள் சம்பளப் பட்டியலில் உள்ளவன், கூலி கூடினால் எனக்கும் கூடும். நிபுணர் யாரிடமும் சம்பளம் வாங்கக் கூடாது என்று குழுவின் விதி, எனவே மேலே அளந்து எழுதியது எதுவும் செல்லாது, கிழித்துப் போடலாம். நாளை கூட்டத்தில் நான் பேசவும் மாட்டேன். ஒன்பதிலிருந்து ஐந்துவரை எண்ணெய்த் தொட்டியில் நான். எண்ணெயக்கா பேசப் போகிறார். மூன்று நிமிஷம் தாண்டினால் மைக்கை அணைத்துவிடுவார்களே என்று பயந்து என் ஸ்டாப்வாட்சைக் கொடுத்தேன். வாங்கவில்லை. "மூணு நிமிஷம் எனக்குத் தெரியாதா அண்ணே? ஒரு கூடைதானே" என்றார்.

முன்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். கூட்டம் முடிந்து பசித்தால் நேரே கடைக்கு வாருங்கள், சம்பந்தி. சூடாகப் போட்டுத் தருகிறேன், ஆனால் வரிசையில் நிற்க வேண்டும்.